புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் எங்கே தொடங்குவது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரைக்குமான இந்தக் கரையில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. மிஷன் வீதியில் சம்பா கோயில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் திரு இருதய பசிலிக்கா, அரியாங்குப்பத்தில் ஆரோக்கிய மாதா, வில்லியனூரில் லூர்து மாதா, கடலூரில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை, போதாததற்குத் தெருவுக்கு ஒரு ஜெபக்கூடம். இருந்தும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ளே வந்துட்டேன், இனிமே என்ன செய்யணும்?" வேறு மதத்தில் பிறந்து இயேசுவைத் தேடி வந்தவர்கள் கேட்கிறார்கள். கைக்குழந்தையில் ஞானஸ்நானம் வாங்கி, பிறகு கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகோ ஒரு நோய் வந்த பிறகோ திரும்பி வருகிறவர்களும் கேட்கிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் அன்பியத்தில், அதாவது தெருவாரியாகக் கூடும் சிறு விசுவாசிகள் குழுவில், இருப்பதால், என் சொற்களும் முறைகளும் அந்தப் பக்கத்தவை. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள் பூசை என்பதை ஆராதனை என்றும், சாமியார் என்பதை ஆயர் அல்லது பாஸ்டர் என்றும் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடவுளை நம்புவது, பிறரை மன்னிப்பது, சேர்ந்து வழிபடுவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்ற இரண்டும் நிற்காது. பெரும்பாலானவர்கள் நம்பிக்கையோடு வருகிறார்கள், வழிபாட்டிலும் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். மன்னிப்பைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

முதல் வாரம்: ஒரே ஒரு செபம்

செபப் புத்தகங்களை அடுக்கிக்கொள்ள வேண்டாம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு தாமே கற்றுக்கொடுத்த செபம் ஒன்று போதும். கத்தோலிக்கக் கோயில்களில் "விண்ணகத்தில் இருக்கின்ற எங்கள் தந்தையே" என்று தொடங்கும். சீர்திருத்தச் சபைகளில் "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும். நீங்கள் போகும் கோயிலில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரோடும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லலாம்.

காலையில் எழுந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியிலும் ஒரு மூச்சு நின்று சொல்லுங்கள். தந்தையின் பெயரைப் போற்றுவது வழிபாடு. அன்றன்றைக்கு வேண்டிய உணவைக் கேட்பது நம்பிக்கை. "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்கிற வரி வரும்போது யாருடைய முகம் மனதில் வருகிறதென்று மட்டும் கவனித்து வையுங்கள். இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

விவிலியம் வாங்கினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குகிறவர்களில் பலர் லேவியர் புத்தகத்தில் வரும் பலிச் சட்டங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். மாற்கு நற்செய்தியை எடுங்கள். நான்கு நற்செய்திகளில் சிறியது, 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒன்று படித்தாலும் பதினாறு நாளில் முடியும். அதன் பிறகு லூக்கா 15. கத்தோலிக்கர்களிடம் இருக்கும் திருவிவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபையினரின் வேதாகமத்தில் 66. கடைக்குப் போகும் முன் உங்கள் கோயிலில் எதை வாசிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிறு

பூசை நேரம் கோயில் வாசல் பலகையில் எழுதியிருக்கும். கால் மணி நேரம் முன்னால் போய் நடுவரிசையில் உட்காருங்கள். முதல் வரிசையில் இருந்தால் எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று முன்னால் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. சில கோயில்களில் செருப்பை வெளியே விடுவார்கள், சில கோயில்களில் பெண்கள் முக்காடு போடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். யாரும் உங்களைச் சோதிக்கப் போவதில்லை.

திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாதவர்கள் பூசையில் அப்ப வடிவில் கொடுக்கப்படும் நற்கருணையை வாங்குவதில்லை. இது உங்களை ஒதுக்குவதற்கான ஏற்பாடு என்று நினைத்து மனம் கசந்துவிட வேண்டாம். தயாரிப்பு முடிந்து வாங்கப்போகும் ஒன்றுக்காகக் காத்திருக்கிறீர்கள். மற்றவர்கள் வரிசையில் போகும்போது இடத்திலேயே அமைதியாகச் செபிக்கலாம்.

பூசை வைக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே எல்லோரும் நெஞ்சில் தட்டிக்கொண்டு "என் பாவமே, என் பாவமே" என்று சொல்கிறோம். கடவுளிடம் மட்டும் சொல்வதில்லை. "சகோதர சகோதரிகளே, உங்களிடமும்" என்று பக்கத்தில் நிற்பவர்களிடமும் ஒத்துக்கொள்கிறோம். பிறகு வாசகம், மறையுரை, காணிக்கை. நற்கருணைக்கு முன்னால் இயேசு கற்பித்த செபம், அதை அடுத்து ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்வது. அதற்குப் பிறகுதான் நற்கருணை விருந்து. காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது உன்மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் ஆகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது இந்த வரிசைக்குள் இருக்கிறது. பக்கத்து வரிசையில் இருக்கும் மச்சானைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு, முன்பின் தெரியாதவருக்கு மட்டும் கைகூப்பிவிட்டு வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நீங்கள் புதியவர், அந்தப் பழக்கம் இன்னும் உங்களுக்கு ஒட்டவில்லை. ஒட்டவிடாதீர்கள்.

நம்புவது என்றால் என்ன செய்வது

இந்தக் கரையில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர் கடலை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியின்போது தேவனாம்பட்டினத்தில் நடந்தது நினைவிருக்கிறவர்கள் இன்றும் நம்மோடு பூசைக்கு வருகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பிள்ளையை இழந்தவரிடம், தோப்பை இழந்தவரிடம் போய் "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லாதீர்கள். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் அதை விசுவாசத்தின் முழு அளவாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். திருப்பாடல் 13 "எத்தனை நாள் ஆண்டவரே" என்று கேட்கிறது. 88ஆவது திருப்பாடல் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அவையும் விவிலியத்தில்தான் இருக்கின்றன, அவையும் செபம்தான். மாற்கு 4இல் படகு மூழ்கப்போகும்போது சீடர்கள் இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். கோபத்தில் கேட்ட கேள்விதான் அது. அவர் எழுந்து காற்றைத்தான் முதலில் அடக்கினார். நம்பிக்கையில்லையா என்று சீடர்களைக் கேட்டது அதற்குப் பிறகு. உங்கள் கோபத்தையும் அவரிடம் கொண்டுபோகலாம்.

நம்பிக்கை வைத்திருக்கிறவர் கண்ணை மூடிக்கொள்வதில்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது, மாதா காப்பாற்றுவாள் என்று படகை இறக்குகிறவரை ஊரில் யாரும் பக்திமான் என்று சொல்ல மாட்டார்கள். உடம்புக்கும் அதே நியாயம்தான். செபக் கூட்டத்தில் கை வைத்து செபித்தார்கள் என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். ஜிப்மர் மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தால் செபித்துவிட்டுப் போங்கள். "அற்புதம் நடக்கணும்னா இவ்வளவு காணிக்கை" என்று யாராவது தொகை சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தினமும் செய்ய ஒரு சிறு பயிற்சி இருக்கிறது. பிலிப்பியர் 4இல் பவுல், எதற்கும் கவலைப்படாமல் உங்கள் விண்ணப்பங்களை நன்றியோடு கடவுளிடம் தெரிவியுங்கள் என்கிறார். அவர் அதை எழுதியது சிறையிலிருந்து. இரவில் ஒரு தாளில் அன்றைய கவலையை ஒரே வரியில் எழுதுங்கள்: மகளின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் கண் ஆபரேஷன், வட்டிக்காரர் போன். அதன் கீழே நாளை நீங்கள் செய்ய முடிந்த ஒன்றை எழுதுங்கள். அதை நாளை செய்யுங்கள். மீதியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுங்கள். தூக்கம் வராவிட்டால் திரும்பவும் கொடுங்கள். நம்பிக்கை போதவில்லை என்று பட்டால், மாற்கு 9இல் நோயுற்ற மகனோடு வந்த தகப்பன் செபித்த மாதிரி செபியுங்கள்: நம்புகிறேன், என் அவநம்பிக்கை நீங்க உதவும். அந்தப் பாதி நம்பிக்கையோடு வந்தவருடைய மகனை இயேசு குணமாக்கித்தான் அனுப்பினார்.

மன்னிப்பு: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

மத்தேயு 18இல் பேதுரு, ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று கேட்கிறார். இயேசு அந்தக் கணக்கை எழுபது தடவை ஏழு முறை என்று பெருக்கிவிட்டு ஒரு கதை சொல்கிறார். அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவன் தள்ளுபடி பெறுகிறான். வெளியே வந்ததும் தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். அப்படியானால் தள்ளுபடியானது ஆறு கோடி நாள் கூலி. கழுத்தைப் பிடித்தது நூறு நாள் கூலிக்கு.

அந்த நூறு நாளை அற்பத் தொகை என்று பலர் பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கொத்தனாரின் நூறு நாள் கூலியை ஒருவர் ஏமாற்றிவிட்டால் அந்த வீட்டில் மூன்று மாதம் அடுப்பு எப்படி எரியும்? உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவில்லை. அது பெரிதுதான். அதைவிடப் பெரிதாக உங்களுக்கு ஒன்று மன்னிக்கப்பட்டிருக்கிறது என்கிறார். மன்னிப்பைத் தொடங்கும்போது இரண்டையும் குறைக்காமல் பாருங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். முதல் வாரச் செபத்தில் மனதில் வந்த முகம் நினைவிருக்கிறதா? ஒரு தாளில் எழுதுங்கள்: யார், என்ன செய்தார், அதனால் எனக்கு என்ன போனது. "எல்லாரும் என்னைக் கஷ்டப்படுத்திட்டாங்க" என்று எழுதினால் யாரையும் மன்னிக்க முடியாது. "அப்பா இறந்தபோது சித்தப்பா பத்திரத்தில் என் பெயரை விட்டுவிட்டார்" என்று எழுதினால் முடியும். தாளை யாரிடமும் காட்ட வேண்டாம்.

அடுத்து, செபத்தில் அந்த மன்னிப்பு வரி வரும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லி அவருக்காகச் செபியுங்கள். மனம் ஒத்துழைக்காது. அதற்காகக் காத்திருக்காமல் வாயால் சொல்லுங்கள், "சித்தப்பாவை ஆசீர்வதியும்" என்ற இரண்டே சொல் போதும். நாளாக ஆக நெஞ்சிலிருக்கும் கனம் மாறும். சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள் ஆகும். கசப்பு திரும்பி வந்தால் மன்னித்தது பொய்யாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எழுபது தடவை ஏழு முறை என்பதில் ஒரே காயத்தை மறுபடி மறுபடி மன்னிப்பதும் அடங்கும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய கடினமான காரியம் ஒன்று: அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்துங்கள். காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி என்று சொந்தங்கள் கூடும் இடத்திலெல்லாம் "அவன் எனக்கு என்ன பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பிப்பதை நிறுத்தினால், அதுவே பாதி மன்னிப்பு. ஆலோசனைக்காக ஒருவரிடம் சொல்வது வேறு, அதைச் செய்யலாம்.

மூன்றாவதாக, முடிந்தால் நேரில் பேசுங்கள். உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனியே இருக்கும்போது எடுத்துச் சொல் என்று மத்தேயு 18:15 சொல்கிறது. கல்யாண மண்டபத்தில் வேண்டாம், குடித்திருக்கும் நேரத்தில் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கூடவே கூடாது. காலை வேளையில் வீட்டுக்குப் போய், "சித்தப்பா, இது என் மனசுல ரொம்ப நாளா இருக்கு, உங்ககிட்டயே சொல்லிடலாம்னு வந்தேன்" என்று தொடங்குங்கள். அவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். கூடுமானவரை, உங்களால் இயன்ற அளவு எல்லோரோடும் சமாதானமாக இருங்கள் என்று உரோமையர் 12:18 சொல்கிறது. உங்களால் இயன்றது அங்கே முடிந்தது, அவருக்கான செபம் மட்டும் தொடரட்டும்.

சொத்தை விட்டுக்கொடுத்தால்தான் மன்னித்ததாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பங்கைக் கேட்கலாம், பாகப்பிரிவினை வழக்கை நடத்தலாம், லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம். சித்தப்பா நாசமாகப் போக வேண்டும் என்ற ஆசையைத்தான் விட வேண்டும். சீட்டுப் பணத்தை ஏமாற்றியவருக்கு மறுபடியும் சீட்டுக் கட்ட வேண்டிய கடமையும் உங்களுக்கில்லை. யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரை எகிப்தில் பார்த்த உடனே கட்டிப்பிடிக்கவில்லை. தொடக்க நூல் 42 முதல் 44 வரை படியுங்கள்: அவர்கள் மாறியிருக்கிறார்களா, கடைசித் தம்பியையும் விட்டுவிட்டு ஓடுவார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் 45இல் அழுது தன்னை வெளிப்படுத்துகிறார். மன்னிப்பை உடனே கொடுக்கலாம், நம்பிக்கை திரும்ப நாளாகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போவது மன்னிப்பு ஆகாது. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதும் மன்னிப்பு ஆகாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. "சிலுவையைச் சும, பொறுத்துக்கோ" என்று எவ்வளவு பெரியவர் சொன்னாலும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். உள்ளத்துக்குள் மன்னிப்பதற்கு அதே வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

குற்றம் உங்கள் பக்கம் இருந்தால் வழி இன்னும் நேரானது. வரி வசூலித்துவந்த சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதை லூக்கா 19இல் படிக்கிறோம். திருப்ப வேண்டியது பணமானால் பணத்தோடு போங்கள், மொத்தமாக இல்லாவிட்டால் முதல் தவணையோடு. வார்த்தையானால், "அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க" என்பதோடு நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் "ஆனா நீங்களும்" என்று ஒட்டினால் அது மறுபடியும் சண்டைதான். திருமுழுக்கு பெற்றவர்கள் அதற்கு முன்னோ பின்னோ சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அதையே சாமியாரிடம் சொல்லுங்கள், அவர் கைப்பிடித்துக் கூட்டிப்போவார். அங்கே கேட்டதை அவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக்கூடாது. அது திருச்சபையின் கண்டிப்பான சட்டம்.

கோயிலுக்குள்ளேயே காயப்பட்டால்

இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். சம்பா கோயிலுக்குள் ஒரு காலத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் இருந்தது. 1745இல் எதிர்ப்புக் கிளம்பி அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயில் கட்டடமே பிறகு 1761இல் புதுச்சேரியோடு சேர்ந்து அழிந்தது. இப்போதுள்ளது 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. கற்சுவர் போய்விட்டாலும், எந்தத் தெரு, எந்த ஊர் என்று கேட்டு ஆளை எடைபோடும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பங்குத்தந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மறைமாவட்டத்துக்கு எழுதுங்கள். வேறொருவருக்கு நேர்வதைப் பார்த்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். சுவரை வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் மன்னிப்பு கேள் என்றோ மன்னித்துவிடு என்றோ யாரும் சொல்லக்கூடாது.

வீடும் அன்பியமும்

ஞாயிறு மட்டும் போதாது. பங்குக்குள் தெருவாரியாக அன்பியங்கள் இருக்கும். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று பங்கு அலுவலகத்தில் கேட்டுச் சேருங்கள். வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருந்தால், அம்மா அப்பாவோடு சாமி படத்துக்காகவும் திருநீற்றுக்காகவும் சண்டை போடாதீர்கள். முன்பைவிட அவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரியும்படியே, ஆனால் அவர்களைத் தொந்தரவு செய்யாமல், ஒரு மூலையில் செபியுங்கள். பொங்கலைக் கோயில்களிலேயே கொண்டாடுகிறோம், வீட்டுப் பொங்கலில் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள்.

திருமுழுக்குக்குத் தயாராவது

யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்பட வேண்டாம். பெரியவர்களுக்குப் பல மாதத் தயாரிப்பு உண்டு. பெரும்பாலும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தின இரவில், பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு கொடுப்பார்கள். அதனால் அந்த வருடம் பெற வேண்டுமானால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு வெகு முன்னாலேயே பங்குத்தந்தையைப் பாருங்கள். திருமணமானவர்கள் அந்த விவரத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, சில வேளை அதற்குத் தனி நடைமுறை தேவைப்படும்.

ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பனைத் தேர்ந்தெடுக்கும்போது வசதியைப் பார்க்காதீர்கள். இரண்டு ஞாயிறு நீங்கள் வராவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்கிற ஆளாக இருக்கட்டும். அவர் 16 வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். பெற்றோர் அந்த இடத்தில் நிற்க முடியாது. வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால் அங்கிருந்து கடிதம் கேட்கலாம், அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.